விவாகரத்து வழக்கு நடக்கும்போதே முதல் வீட்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கும்பகோணத்துப்பொண்ணு:

வணக்கம். அரசாங்கத்தின் ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் மானியம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். முன்பு ஃப்ளிஸ்ப் என்று சொன்னார்களே, அதேதான்.

நான் கும்பகோணத்தில் பிறந்தவள். 2011-ல் டர்பன்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு சாட்ஸ்வொர்த் வந்தேன். கல்யாணம் ஊரில்தான் நடந்தது. கோயிலில் தாலி கட்டி, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவும் செய்தோம். 2018-ல் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது, பச்சை ஐடி புத்தகம் வைத்திருக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாவது. ஒத்துவரவில்லை, போன வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது ஷால்கிராஸில் ஒரு வீட்டின் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 4,800 ரேண்ட், தண்ணீர் சேர்த்து. மழை பெய்தால் சமையலறைச் சுவர் ஈரமாகிவிடும், பையனுக்கு இளைப்பு.

டயர் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பிடித்தம் போகுமுன் சம்பளம் 17,400. அவர் துறைமுகத்தில் வேலை, ஓவர்டைம் சேர்த்தால் 19,000 வரும். மானியத்துக்கு மாத வருமானம் 3,501-லிருந்து 22,000-க்குள் இருக்க வேண்டுமாம். நான் தனியாக என்றால் உள்ளே வருகிறேன். இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

போன வியாழக்கிழமை கோர்ட் ஷெரிஃப் வந்து ரீஜனல் கோர்ட்டின் விவாகரத்து சம்மன்ஸை என் கையில் கொடுத்தார். கூடவே அவர் தரப்பு வக்கீல் ஓர் உடன்பாட்டு வரைவும் அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் என்னோடு, ஆளுக்கு 2,500 ஜீவனாம்சம், 'அவரவர் பெயரில் இருப்பது அவரவருக்கே, ஒருவர்மேல் ஒருவருக்கு வேறு உரிமை இல்லை'. எனக்கு இதில் சண்டையில்லை. இந்தியாவில் நடந்த கல்யாணம், அவரவர் சொத்து அவரவருக்கு. வீடும் மாமியார் பெயரில்தான். அந்தக் காலத்துக் கவுன்சில் வீடு, வாடகைக்கு இருந்தவர்களுக்கே தள்ளுபடித் திட்டத்தில் எழுதிக் கொடுத்தார்களே, அப்படி வந்தது. என் பெயரில் ஒரு பழைய போலோ கார் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் இரண்டு படுக்கையறை சிம்ப்ளெக்ஸ் (வளாகத்துக்குள் இருக்கும் ஒரே தள வீடு) ஒன்று 560,000-க்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். ஏஜென்ட் அம்மா தினமும் போன் போட்டு, 'இன்னொரு பார்ட்டி கேட்கிறது, ஆஃபர் டு பர்ச்சேஸ் என்ற வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, மானிய ஃபாரத்தில் சிங்கிள் என்று டிக் செய்துகொள்ளலாம்' என்கிறார். போடலாமா? அவர் சம்பளத்தைக் கேட்பார்களா?

பீனிக்ஸ்_குமரன்:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் 'பிரிந்து வாழ்கிறோம்' என்று ஒரு அஃபிடவிட் போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வீடு கைவிட்டுப் போனால் அந்த விலைக்கு அந்த இடத்தில் மறுபடி கிடைக்காது. மானியம் ஒத்துவரவில்லை என்றால் நம்பிக்கையான ஆள் பெயரில் வாங்கி அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா:

மகளே, எதிலும் கையெழுத்துப் போடாதே. ஏஜென்ட் காகிதத்திலும் வேண்டாம், வக்கீல் அனுப்பிய வரைவிலும் வேண்டாம்.

நான் மாரிட்ஸ்பர்க்கில், சொத்துப் பத்திரம் மாற்றிக் கொடுக்கும் கன்வேயன்சர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் அல்ல, ஆகவே நான் சொல்வதை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள். என்னுடையது பாடசாலைத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கோர்ட் டிக்ரீ, அதாவது விவாகரத்துத் தீர்ப்பு, கொடுக்கும் நாள் வரை நீ கல்யாணமானவள்தான். தனிக் குடித்தனம் போனாலும், தாலியைக் கழற்றிவைத்தாலும் அது மாறாது. பிரிந்து வாழ்கிறோம் என்ற அஃபிடவிட் நீ எங்கே தூங்குகிறாய் என்பதைச் சொல்லும், சட்டப்படியான நிலையை மாற்றாது. மானிய விண்ணப்பம் வந்ததும் ஐடி எண்ணைப் போட்டு ஜனத்தொகைப் பதிவேடு, டீட்ஸ் என்ற சொத்துப் பதிவேடு, முன்பு யார் யார் மானியம் வாங்கினார்கள் என்ற பட்டியல் எல்லாவற்றிலும் தேடுவார்கள். உன் வசிப்புரிமையே மனைவி என்ற முறையில் வந்ததுதானே? உள்துறை ஆபீஸான ஹோம் அஃபேர்ஸில் கோப்பு இருக்கிறது. அங்கே மனைவி, இங்கே சிங்கிள் என்றால் அது பொய் வாக்குமூலம். தம்பி குமரன் சொல்லும் அடுத்தவர் பெயர் யோசனையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அப்படி வாங்கி, அந்த அடுத்தவர் செத்தபின் அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோர்ட்டில் நின்றவர்களின் கோப்புகளை நான் கட்டித் தூக்கியிருக்கிறேன்.

நீ எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு இடம். 'இந்தியாவில் நடந்த கல்யாணம், அவரவர் சொத்து அவரவருக்கு' என்கிறாய். இதை யார் சொன்னார்கள்? கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று இந்த நாட்டுக் கோர்ட் பார்ப்பதில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு நிரந்தர இருப்பிடம் எந்த நாடு என்றுதான் பார்க்கும். அவர் டர்பனில் பிறந்து, டர்பனில் வேலை பார்த்து, பெண் எடுக்க மட்டும் கும்பகோணம் வந்தவர் என்றால், தென்னாப்பிரிக்கச் சட்டம்தான் உங்கள் சொத்துக்குப் பொருந்தும். பெண்ணின் ஊரைக் கணக்கிலேயே எடுக்காத விதி என்று படித்தவர்கள் இதைத் திட்டுவார்கள். நியாயமான திட்டுதான். ஆனால் உன் விஷயத்தில் அது உன் பக்கம் நிற்கிறது.

கல்யாணத்துக்கு முன் நோட்டரி எதிரில், சொத்தைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் ஆன்ட்டிநப்ஷியல் கான்ட்ராக்ட் எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் நீங்கள் கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டி, அதாவது கூட்டுச் சொத்து. அவர் சொத்து, உன் சொத்து, அவர் கடன், உன் கடன் எல்லாம் ஒரே பானைச் சோறு, ஆளுக்குப் பாதி. காகிதத்தில் யார் பெயர் என்பது இங்கே முக்கியமில்லை.

இதை வைத்துக்கொண்டு உன் சிம்ப்ளெக்ஸைப் பார். டிக்ரீக்கு முன் வாங்கினால் அதுவும் அதே பானைக்குள் போகும், பாதி அவருக்கு. அடமானக் கடனுக்கு அவர் எழுத்துச் சம்மதம் வேண்டும், 1984 திருமணச் சொத்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மானியத்துக்குக் கணவன் மனைவி இருவர் வருமானத்தையும் கூட்டினால் 36,400. அதோடு கதை முடிந்தது.

டிக்ரீக்குப் பிறகு நீ பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் தனி ஆள். தனி ஆளுக்கு இந்த மானியம் கிடைக்க, அவரை நம்பி வாழ்பவர்கள் இருக்க வேண்டும். உனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் கேட்கலாம். மனைவி என்ற முறையில் வசிப்புரிமை வாங்கி இரண்டு வருடத்துக்குள் உறவு முறிந்தால் அது காலாவதியாகும் என்று ஒரு விதி உண்டு, நீ அதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் மாற்றிய அட்டவணையில் குறைந்த சம்பளத்துக்கு 169,265, உச்ச வரம்பில் 38,911. உன் சம்பளத்துக்கு எழுபதாயிரத்தை ஒட்டி வரும்.

இரண்டு வேலை உடனே செய். சம்மன்ஸ் கைக்கு வந்ததிலிருந்து கோர்ட் வேலை நாள் பத்துக்குள் 'வழக்கை எதிர்க்கிறேன்' என்ற நோட்டீஸ் போக வேண்டும். எதிர்ப்பது என்றால் சண்டை இல்லை, பேச்சில் உனக்கும் ஓர் இருக்கை. போடாவிட்டால் நீ இல்லாமலேயே முடித்துவிடலாம். இரண்டாவது, அந்த வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? வாய்ச்சொல்லா, காகிதமா? உன் வீட்டுக்காரர் ஐடி எண்ணைக் கொடுத்து டீட்ஸ் தேடல் ஒன்று போடு. யார் வேண்டுமானாலும் போடலாம், கட்டணம் சொற்பம்.

லெனேசியா_வள்ளி:

தங்கச்சி, தாத்தா சட்டம் சொல்லிவிட்டார். நான் வாங்கினவள் என்ற முறையில் சிலது சொல்கிறேன்.

என் கதை கொஞ்சம் வேறு. எங்களுக்குக் கோயிலில் மேடைக் கல்யாணம் மட்டும்தான். நடத்தி வைத்த ஐயருக்கு மேரேஜ் ஆபீசர் உரிமம் கிடையாது, நாங்களும் ஹோம் அஃபேர்ஸ் பக்கம் போகவில்லை. பிரிந்தபோதுதான் தெரிந்தது, சட்டப்படி முறிக்க அங்கே கல்யாணமே இல்லை என்று. மானியத்துக்கு அது எனக்கு வசதியாகப் போயிற்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு தனி ஆளாகக் கேட்டேன். ஆனால் அவர் பெயரில் இருந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல் கூட இல்லை. பதினோரு வருடம் பெயின்ட் அடித்தது நான். உனக்குப் பதிவுத் திருமணம் என்றால் அதன் அருமை எனக்குத்தான் தெரியும்.

மானியப் பணம் உன் கைக்கு வராது, கடன் கொடுக்கும் இடத்துக்கோ கன்வேயன்சருக்கோ போகும். டெபாசிட்டாகக் காட்டலாம், கடனைக் குறைக்கலாம், பத்திரச் செலவுக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் வங்கியின் கொள்கையளவு ஒப்புதல் வேண்டும். விவாகரத்தானவர்களிடம் உடன்பாட்டின் சான்றிட்ட நகலையும் கேட்பார்கள், அதனால் பிள்ளைகள் யாரோடு வசிப்பார்கள் என்ற வரி அதில் தெளிவாக இருக்கட்டும். 'இருவரும் கலந்து முடிவு செய்வார்கள்' என்று வழவழா எழுதினால் உன்னை நம்பி இருப்பவர்கள் யார் என்று கேள்வி வரும்.

சிம்ப்ளெக்ஸ் என்றால் மாதாமாதம் லெவி என்ற பொதுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ஏஜென்ட் அதைச் சொன்னாரா? வங்கி அதையும் செலவாகக் கழித்துத்தான் உன்னால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போடும். ஜீவனாம்சம் ஆளுக்கு 2,500 என்பது அவர் சம்பளத்துக்குக் குறைவாகப் படுகிறது. மெயின்டனன்ஸ் கோர்ட்டில் கேட்க வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

கும்பகோணத்துப்பொண்ணு:

தாத்தா, அக்கா, ரொம்ப நன்றி. ஏஜென்டிடம் இப்போது முடியாது என்று சொல்லிவிட்டேன். லெவி 1,350 என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்.

ஆன்ட்டிநப்ஷியல் எதுவும் எழுதவில்லை. கல்யாணத்தன்று அப்படி ஒரு வார்த்தையே எனக்குத் தெரியாது. அவர் பிறந்தது முதல் சாட்ஸ்வொர்த்தான்.

டீட்ஸ் தேடல் போட்டேன். வீடு 2016 முதல் அவர் பெயரில் இருக்கிறது. மாமியார் பெயர் இல்லை. அடமானம் எதுவும் இல்லை. 2016-ல் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன், அதே வருடம் என் சேமிப்பைப் போட்டுத்தான் கூரை ஷீட் மாற்றினோம். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீடு சமீபத்தில் 900,000-க்குப் போனது.

கோபத்தைவிட எனக்குக் குழப்பம்தான் அதிகம். மாமியார் என்னிடம் நன்றாக இருந்தவர். இன்றைக்கும் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு பீன்ஸ் கறி செய்து அனுப்புகிறார். வீட்டை விற்று அவரைத் தெருவில் நிறுத்த என்னால் முடியாது. இன்னொன்று, அந்த வீட்டில் எனக்குப் பாதி என்றால் நான் 'முதல் வீடு வாங்குபவள்' இல்லையா? பாதியைக் கேட்டால் மானியம் போய்விடுமா?

பீனிக்ஸ்_குமரன்:

அதைத்தான் நானும் கேட்கலாம் என்றிருந்தேன். மானியம் வேண்டும் என்றால் வீட்டை மறந்துவிட வேண்டுமா?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா:

இப்போது அந்த வரைவை மறுபடி படி. 'அவரவர் பெயரில் இருப்பது அவரவருக்கே.' வீடு அவர் பெயரில், போலோ உன் பெயரில். அந்த ஒரு வரிக்காகத்தான் முழுக் காகிதமும் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் பாதி உனக்குத்தான் என்று இப்போதே முடிவு கட்டாதே. தேடலில் வருவது சுருக்கம் மட்டும். வீட்டின் உரிமைப் பத்திரமான டைட்டில் டீட்டின் முழு நகலை வாங்கிப் பார். தாய் மகனுக்குத் தானமாக எழுதும்போது, 'இது அவர் மனைவியின் கூட்டுச் சொத்தில் சேராது' என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். நிபந்தனை டீட்டிலேயே இல்லாமல் தனித் தானப் பத்திரத்திலும் இருக்கலாம், உன் வக்கீல் அதையும் கேட்கட்டும். அப்படி இருந்தால் வீடு அவருடையது மட்டும். இல்லை என்றால் கூட்டுச் சொத்து. நகலில் இன்னொன்றும் பார். மாமியாருக்கு ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமை, யூசுஃப்ரக்ட் என்போம், பதிவாகியிருக்கிறதா? இருந்தால் அவரை யாரும் அசைக்க முடியாது, உன் பாதியின் இன்றைய மதிப்பு மட்டும் குறையும். இல்லாவிட்டால் இந்த உடன்பாட்டிலேயே அதை எழுதிப் பதிவு செய்யச் சொல். நீ அவருக்கு நல்லது செய்ய வேண்டுமானால் வழி அதுதான், உன் பங்கை அவர் மகனுக்கு விட்டுக்கொடுப்பது அல்ல.

பாதி கேட்டால் விற்றே ஆகவேண்டும் என்பதில்லை. அடமானம் இல்லாத வீடு, அவர் வங்கியில் கடன் எடுத்து உன் பங்கைக் கொடுக்கலாம். டிக்ரீக்குப் பின் வீட்டை அவர் பெயரில் முழுதாக ஆக்க டீட்ஸ் ஆபீசில் 45பிஸ் என்ற பிரிவில் குறிப்பு எழுதினால் போதும், புதிதாக முழு டீட் வேண்டாம். அவர் துறைமுகத்தில் பென்ஷன் கட்டுகிறார் அல்லவா, அந்தப் பென்ஷன் பங்கும் 1979 விவாகரத்துச் சட்டப்படி கூட்டுச் சொத்தில் சேர்ந்ததுதான். வரைவில் அதைப் பற்றி மூச்சே இல்லை. வீட்டுக்குப் பதில் அதில் கொஞ்சம் என்றும் பேசலாம். உன் டயர் கடையில் உனக்குப் பென்ஷன் இருந்தால் அதிலும் அவருக்குப் பங்கு, அதையும் மறைக்காதே.

மானியம் பற்றிக் குமரன் கேட்டது நல்ல கேள்வி. விவாகரத்தானவர் விஷயத்தில் அவருக்குத் தகுதி உண்டா என்பதை விவாகரத்து உத்தரவின் வாசகத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். பழைய வீடு யாருக்குப் போனது, உனக்கு அதிலிருந்து என்ன கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பங்குப் பணம் வாங்கினால் மானியம் மறுக்கப்படவும் கூடும். ஆகவே உடன்பாட்டில் கையெழுத்துப் போடுமுன், இந்த மானியத்தைக் கவனிக்கும் நேஷனல் ஹவுசிங் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனுக்கு வரைவைக் காட்டி எழுத்தில் பதில் வாங்கு. போனில் சொன்னதை நம்பாதே. அந்த வீடு முதலில் தள்ளுபடித் திட்டத்தில் வந்தது என்பதையும் அந்தக் கடிதத்தில் சொல். சலுகை வாங்கியவர் மாமியார், நீயோ உன் வீட்டுக்காரரோ இல்லை. ஆனால் அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு மட்டும் போட்டுப் பார். மாமியார் உரிமைக்காக நிறையக் கழித்துவிட்டு, 900,000 வீட்டில் உன் கைக்கு 300,000 வருகிறது என்று வைத்துக்கொள். மானியம் எழுபதாயிரம். எதற்காக எதை விடுகிறாய்? ஏஜென்ட் அம்மாவுக்கு மானியம் முக்கியம், அது வந்தால்தான் அவருக்குக் கமிஷன். உனக்கு அப்படி இல்லை.

லெனேசியா_வள்ளி:

தாத்தா சொன்னதோடு ஒன்று: வக்கீலுக்குக் காசில்லை என்று நின்றுவிடாதே. லீகல் எய்டில் வருமானம் பார்ப்பார்கள், ஆனாலும் கேட்டுப் பார். அங்கே வரம்பு தாண்டினால் ஹோவர்ட் காலேஜில் பல்கலைக்கழகத்தின் சட்ட கிளினிக் இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே பிள்ளைகளின் செலவுக்கு இடைக்கால ஜீவனாம்சம் கேட்க முடியும், ரீஜனல் கோர்ட்டில் அது ரூல் 58. சுவர் ஈரம் டிக்ரீ வரும்வரை காத்திருக்காது. அந்தப் பணத்தில் வேறு அவுட்பில்டிங் பார்.

கும்பகோணத்துப்பொண்ணு:

எதிர்க்கும் நோட்டீஸைப் போட்டாயிற்று. டயர் கடை முதலாளி காலையில் இரண்டு மணி நேரம் விட்டார், கோர்ட் கவுன்டரில் இருந்த பையன் ஃபாரத்தை நிரப்ப உதவினான். முத்திரையிட்ட ஒரு நகலை அவர் வக்கீலிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

டைட்டில் டீட் நகலுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். சட்ட கிளினிக்கில் அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அவர் நேற்று இரவு போன் செய்து, 'வக்கீல் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டாயா?' என்று கேட்டார். 2016 என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அம்மாவிடம் எதுவும் சொல்லாதே என்றார். அம்மா கையெழுத்துப் போடாமல் பெயர் மாறியிருக்காதே, அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தாத்தா, எனக்கு டயர் கடையில் ப்ராவிடன்ட் ஃபண்ட் பிடிக்கிறார்கள், சின்னத் தொகைதான். அந்த ஸ்டேட்மென்ட்டையும் கிளினிக்குக்கு எடுத்துப் போகவா?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா:

எடுத்துப் போ. சம்மன்ஸ், வரைவு, தேடல் காகிதம், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கும்பகோணத்துத் திருமணப் பதிவின் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே உறையில் போடு. கூரை ஷீட் வாங்கிய பில் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும். பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் வாங்கிக்கொள், கோர்ட்டில் அது வேண்டியிருக்கும். அவரோடு போனில் 2016 பற்றி இனிப் பேசாதே, வக்கீல் பேசட்டும்.